ராணிப்பேட்டையில் பேசுவது வேலூருக்குக் கேட்கவில்லை: ஐபி போனில் ஒன் வே ஆடியோ

பாலாற்றங்கரை கேட்கிறார்:

வணக்கம். தலைமை அலுவலகம் வேலூர் சத்துவாச்சாரியில், தொழிற்சாலை ராணிப்பேட்டை சிப்காட்டில். பிபிஎக்ஸ் (போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வர்) வேலூரில் இருக்கிறது: ஃப்ரீபிபிஎக்ஸ், உள்ளே ஆஸ்டரிஸ்க் 18 சாஃப்ட்வேர், எக்ஸ்டென்ஷன் எல்லாம் பிஜேசிப் (ஆஸ்டரிஸ்க்கில் சிப்பைக் கையாளும் பகுதி). வேலூர் லேன் 192.168.10.0/24 (அதாவது 192.168.10.x எல்லாம்), பிபிஎக்ஸ் 192.168.10.5. தொழிற்சாலையில் 9 போன்கள். இரண்டு இடத்துப் பயர்வால்களுக்கும் நடுவே ஐபிசெக் டன்னல் (இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப்பாதை) ஓடுகிறது. வெளி கால்கள் 0416 எண்ணில் சிப் ட்ரங்க் (ஐபி வழியாக வரும் வெளி போன் லைன்) வழியாக வேலூர் லீஸ்டு லைனில் வருகின்றன. அந்த லைனின் ஸ்டாட்டிக் ஐபியை இங்கே 203.0.113.20 என்று மாற்றி எழுதுகிறேன்.

ராணிப்பேட்டையில் ரவுட்டரை மாற்றியபோது அங்கிருந்த 192.168.11.x லேனை 192.168.20.x ஆக்கினோம். டன்னலிலும் புது முகவரி போட்டாயிற்று. டாலி, ஃபைல் சர்வர் எல்லாம் வழக்கம்போல ஓடுகின்றன. போன்கள் ரிஜிஸ்டர் ஆகின்றன, ரிங்கும் போகிறது. எடுத்துப் பேசினால்தான் தகராறு.

வேலூர் பேசுவது ராணிப்பேட்டைக்குத் தெளிவாகக் கேட்கிறது. ராணிப்பேட்டை பேசுவது வேலூருக்குக் கொஞ்சமும் கேட்பதில்லை. அங்கிருந்து வெளி மொபைலுக்குப் போட்டாலும் அப்படித்தான். தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குப் போட்டால் இரண்டு பக்கமும் ஊமை. போதாததற்கு ராணிப்பேட்டையிலிருந்து போட்ட கால் அரை நிமிடத்தில் தானாகவே கட் ஆகிறது. வேலூரிலிருந்து போட்டால் கட் ஆவதில்லை. எல்லாக் காலுக்கும் ரெக்கார்டிங் போட்டிருக்கிறோம்.

சிப் ஏஎல்ஜியை (சிப் மெசேஜில் உள்ள முகவரியை ரவுட்டரே திருத்தும் வசதி) ஆஃப் செய்துவிட்டதாக ரவுட்டர் போட்டவர் சொல்கிறார். 10000 முதல் 20000 வரையுள்ள யுடிபி போர்ட்களை வேலூர் பயர்வாலில் ட்ரங்க் நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறோம். அதை எல்லோருக்கும் திறந்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

காட்பாடி_சந்திப்பு:

திறக்காதீர்கள் சார். ஒருவேளை சத்தம் வந்துவிடும், ஆனால் காரணம் உள்ளேயே இருந்துவிடும். முதலில் எந்தத் துண்டில் குரல் தொலைகிறது என்று பிடியுங்கள்.

சிப் வேறு, ஆர்டிபி வேறு என்பதை மனதில் வையுங்கள். ரிஜிஸ்டர், ரிங், எடுத்தது, வைத்தது எல்லாம் சிப். 5060 போர்ட்டில் போகிறது. குரல் ஆர்டிபியில் போகிறது, அதுவும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தனித்தனி ஓட்டம். ஒன்று உயிரோடு இருந்து மற்றொன்று செத்துப்போகலாம். எந்த ஐபிக்கு, எந்த போர்ட்டுக்குக் குரலை அனுப்ப வேண்டும் என்பதை சிப் மெசேஜுக்குள் இருக்கும் எஸ்டிபி சொல்கிறது. சி= என்று தொடங்கும் வரியில் ஐபி, எம்=ஆடியோ வரியில் போர்ட். கடிதத்தின் உறைமேல் இருக்கும் முகவரியை ரவுட்டரின் நாட் (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றும் வசதி) மாற்றிவிடும், உள்ளே தாளில் எழுதிய முகவரியை மாற்றாது. போன் பதில் போடுவது தாளில் உள்ள முகவரிக்குத்தான். ஒன் வே ஆடியோ அடிக்கடி இந்த ஒரு வரியில் இருக்கும் தப்பு ஐபியால் வருவது.

செய்ய வேண்டியது: ராணிப்பேட்டைப் போன் ஒன்றில் *43 அடியுங்கள். எக்கோ டெஸ்ட். முதலில் ஒரு அறிவிப்பு வரும், பிறகு நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பி வர வேண்டும். அறிவிப்பு கேட்டு, உங்கள் குரல் திரும்பவில்லை என்றால் போனிலிருந்து பிபிஎக்ஸ் வரும் வழியில்தான் கோளாறு. ட்ரங்க், வேலூர் போன்கள், மொபைல் நிறுவனம் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

9 போனும் ஒரே மாதிரி என்றால் ரிசீவரைச் சந்தேகப்பட வேண்டாம். ஒரே ஒரு போன் மட்டும் இப்படி இருந்தால் சுருள் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள், ரிசீவரைப் பக்கத்துப் போனுக்கு மாற்றிப் பாருங்கள், ஸ்பீக்கரில் போட்டுப் பேசிப் பாருங்கள். ஹெட்செட் வேறு கம்பெனியுடையது என்றால் அந்தச் சின்ன ஜாக்கின் 4 பின்களின் வரிசை மாறியிருக்கலாம். காதுக்கு வரும், மைக் வேலை செய்யாது.

பிறகு பிபிஎக்ஸ் சர்வரில் எஸ்என்ஜிரெப் (சிப் மெசேஜ்களைக் காட்டும் கருவி) ஓட்டிவிட்டு, அந்த *43 காலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். இன்வைட் (கால் கேட்கும்) மெசேஜிலும் 200 ஓகே (எடுத்தாயிற்று என்ற பதில்) மெசேஜிலும் சி= வரி என்ன சொல்கிறது என்று இரண்டையும் இங்கே போடுங்கள். கூடவே ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'ஆர்டிபி செட் டீபக் ஆன்' கொடுத்து, 'சென்ட்' வரிகளும் 'காட்' வரிகளும் வருகின்றனவா என்று பாருங்கள். ஜி.711 கோடெக்கில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. அதனால் திரை வேகமாக ஓடும். 10 நொடி போதும், ஆஃப் செய்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை:

பார்த்துவிட்டேன். *43-ல் அறிவிப்பு கேட்கிறது, குரல் திரும்பவில்லை.

போன் அனுப்பும் இன்வைட்: சி=ஐஎன் ஐபி4 192.168.20.41, எம்=ஆடியோ 11780.
பிபிஎக்ஸ் அனுப்பும் 200 ஓகே: சி=ஐஎன் ஐபி4 203.0.113.20, எம்=ஆடியோ 14382.

டீபக்கில் 'சென்ட் ஆர்டிபி பாக்கெட் டு 192.168.20.41:11780' வரிசையாக வருகிறது. 'காட்' என்று ஒரு வரியும் இல்லை. எஸ்என்ஜிரெப்பில் 200 ஓகே ஏழெட்டு முறை திரும்பத் திரும்பப் போவதுபோலத் தெரிகிறது. அது எதனால்?

கோட்டை_அகழி:

உங்கள் கேள்விக்கு விடை அந்த 203.0.113.20-லேயே இருக்கிறது. டன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் போனுக்கு பிபிஎக்ஸ் தன் வெளி முகவரியைக் கொடுக்கிறது. 192.168.10.5 என்றல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

நடப்பது இது. போன் அந்த முகவரியை நம்பி, குரலை 203.0.113.20:14382-க்கு அனுப்புகிறது. அது டன்னலில் நுழையாது, ஏனென்றால் டன்னலில் 192.168.10.0/24 மட்டுமே இருக்கிறது. ராணிப்பேட்டையின் சொந்த இன்டர்நெட் வழியாக வெளியே போய், வேலூர் பயர்வாலின் வாசலில் நிற்கிறது. அங்கே ட்ரங்க் நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி, ஆகவே டிராப். மறுபக்கம் பிபிஎக்ஸ் குரலை 192.168.20.41-க்கு அனுப்புகிறது, அது டன்னலில் ஒழுங்காகப் போகிறது. அதனால்தான் அவர்களுக்குக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை.

தொழிற்சாலைக்குள் இரண்டு பக்கமும் ஊமையாக இருப்பதும் இதனால்தான். ரெக்கார்டிங் ஓடும்போது குரல் பிபிஎக்ஸ் வழியாகவே போக வேண்டும், இரண்டு போனும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. இரண்டு போனுமே குரலை அந்த வெளி முகவரிக்கு அனுப்புகின்றன, இரண்டுமே வாசலில் டிராப் ஆகின்றன.

அரை நிமிடத்தில் கட் ஆவதைத் தனிக் கோளாறாக நினைத்து அலையாதீர்கள். 200 ஓகேயில் கான்டாக்ட் என்று ஒரு ஹெடர் இருக்கும், அதிலும் 203.0.113.20 தான் எழுதியிருக்கும், பாருங்கள். எடுத்தாயிற்று என்று தெரிந்ததும் போன் ஒரு ஏக் (கிடைத்தது என்ற ஒப்புதல்) அனுப்ப வேண்டும்; அதை கான்டாக்டில் உள்ள முகவரிக்கு அனுப்புகிறது. அதுவும் வாசலில் டிராப். ஏக் வராததால் பிபிஎக்ஸ் 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, 32 நொடியில் கைவிட்டு 'பை' (காலை முடி என்ற மெசேஜ்) அனுப்பிவிடுகிறது. சிப் விதியில் டி1 என்ற அடிப்படைக் காத்திருப்பு நேரம் அரை நொடி, அதன் 64 மடங்கு 32 நொடி. வேலூரிலிருந்து போட்டால் ஏக் அனுப்புவது பிபிஎக்ஸ், அது டன்னலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, எனவே கட் ஆகாது. ஆனால் அந்தக் காலை ராணிப்பேட்டையில் முதலில் வைத்துப் பாருங்கள்: பை வேலூருக்கு வந்து சேராது, இங்கே கால் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றே ஒருமுறை சோதியுங்கள். இதுவும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் லோக்கல் நெட்வொர்க் பட்டியல். பாக்கெட் போகும் இடம் அந்தப் பட்டியலில் இருந்தால் ஆஸ்டரிஸ்க் தன் உள் முகவரியை எழுதும். இல்லாவிட்டால் 'இது வெளி ஆள்' என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்டர்னல் அட்ரஸை எழுதும். உங்கள் பட்டியலில் இன்னும் 192.168.11.0/24 தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். செட்டிங்ஸ், ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ், ஜெனரல் டேப், நாட் செட்டிங்ஸ் என்று போய் லோக்கல் நெட்வொர்க்ஸில் 192.168.20.0/24 சேருங்கள். பழையதை எடுத்துவிடுங்கள். சப்மிட், பிறகு அப்ளை கான்ஃபிக்.

போர்ட்டை எல்லோருக்கும் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஆர்டிபி உள்ளே வந்து சத்தம் சரியானதுபோல இருக்கும். டன்னலில் போக வேண்டிய பேச்சு பூட்டில்லாமல் இன்டர்நெட்டில் போகும். 32 நொடிக் கோளாறு அப்படியே நிற்கும், அதற்காக 5060-யையும் திறப்பீர்கள். திறந்த 5060-ஐத் தேடும் ஸ்கேனர்கள் ராத்திரி பகல் இல்லாமல் சுற்றுகின்றன. பலவீனமான பாஸ்வேர்டு ஒன்று சிக்கினால் உங்கள் ட்ரங்கில் ஐஎஸ்டி கால் ஓடும், பில் உங்கள் தலையில்.

வாலாஜா_நெட்:

அகழி சார் சொன்னதுதான். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஏஎல்ஜிமேல் சந்தேகம் வந்தால் வாதம் செய்ய வேண்டியதில்லை. ஒரே 200 ஓகேயை பிபிஎக்ஸில் ஒருமுறையும், போனின் ஸ்விட்ச் போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க்கில் ஒருமுறையும் பிடியுங்கள். இரண்டிலும் சி= வரி ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் கை வைக்கவில்லை. வேறாக இருந்தால் நடுவிலுள்ள ஏதோ ஒரு பெட்டி திருத்துகிறது. இந்தக் கேஸில் பிபிஎக்ஸை விட்டுக் கிளம்பும்போதே வெளி ஐபி இருக்கிறது, ஆகவே ரவுட்டர் நிரபராதி.

ஏஎல்ஜியை ஆஃப் செய்தும் மாற்றம் தெரியவில்லை என்று பலர் திணறுவதற்குக் காரணம் பழைய செஷன். போன் அடிக்கடி ரிஜிஸ்டர் செய்வதால் அந்த யுடிபி செஷன் சாவதே இல்லை, பழைய விதியிலேயே ஓடும். மைக்ரோடிக்கில் ஐபி, பயர்வால், சர்வீஸ் போர்ட்ஸ் போய் சிப்பை டிசேபிள் செய்தபின் கனெக்‌ஷன்ஸ் பட்டியலில் 5060 வரிகளையும் அழிக்க வேண்டும். ஃபோர்டிகேட்டில் செஷன் ஹெல்பர் பட்டியலிலுள்ள சிப் வரியை நீக்கினால் மட்டும் போதாது, டிஃபால்ட் வாய்ப் ஏஎல்ஜி மோடையும் கர்னல் ஹெல்பருக்கு மாற்ற வேண்டும். அதன்பின் செஷனை அழியுங்கள், முடியாவிட்டால் பெட்டியை ரீபூட் செய்யுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு கிளையாக எழுதாமல் 192.168.0.0/16 என்று ஒரே வரியாகப் போட்டுவிட்டால் அடுத்த கிளைக்கும் தொல்லை இல்லை என்பது என் கருத்து.

கோட்டை_அகழி:

போடலாம், வேலை செய்யும். எனக்கு /24 தனித்தனியாக இருப்பதுதான் பிடிக்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்த்தால் எந்தெந்தக் கிளை டன்னலில் இருக்கிறது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும். ஆனால் 10.0.0.0/8 என்று மட்டும் யாரும் அவசரப்பட்டுப் போட வேண்டாம். அந்த வரம்பில் வேறொரு ரவுட்டரின் நாட்-க்குப் பின்னால் யாரேனும் இருந்தால் இதே கோளாறு தலைகீழாக வரும்.

பாலாற்றங்கரை:

பட்டியலில் 192.168.11.0/24 தான் இருந்தது சார். ராணிப்பேட்டையில் ரிசீவரை வைத்தாலும் வேலூரில் கால் ஓடிக்கொண்டே இருப்பதும் நீங்கள் சொன்னபடியே. புது வரி சேர்த்து அப்ளை கான்ஃபிக் கொடுத்தேன். ஆனால் 200 ஓகேயில் இன்னமும் 203.0.113.20 தான் வருகிறது.

காட்பாடி_சந்திப்பு:

அப்ளை கான்ஃபிக் செய்வது ரீலோடு மட்டும். லோக்கல் நெட், எக்ஸ்டர்னல் அட்ரஸ் இரண்டும் பிஜேசிப்பில் டிரான்ஸ்போர்ட்டை (சிப் மெசேஜ் போய்வரும் ஐபி, போர்ட் அமைப்பு) சேர்ந்தவை. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்போர்ட்டை ரீலோடு தொடாது. 'எஃப்டபிள்யுகன்சோல் ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் கால்கள் எல்லாம் அறுந்துவிடும், ஆகவே சாப்பாட்டு நேரத்திலோ ஆபீஸ் மூடியபிறகோ செய்யுங்கள். முடிந்ததும் ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'பிஜேசிப் ஷோ டிரான்ஸ்போர்ட் 0.0.0.0-யுடிபி' அடித்தால் லோக்கல் நெட் வரிகள் தெரியும். அங்கே 192.168.20.0 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு *43.

பாலாற்றங்கரை:

சரியாகிவிட்டது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சி= வரியில் 192.168.10.5. *43-ல் குரல் திரும்புகிறது, தொழிற்சாலைக்குள்ளும் பேச முடிகிறது, 32 நொடி கட் இல்லை. பயர்வாலில் எதையும் தொடவில்லை. மூவருக்கும் நன்றி.

ஆம்பூர்_பைபாஸ்:

இதே திரியில் கேட்கலாமா? எங்களிடம் டன்னல் எதுவும் இல்லை. ட்ரங்க் நிறுவனம் தனி ஃபைபர் இழுத்து ஒரு ரவுட்டர் வைத்திருக்கிறது. பிபிஎக்ஸில் இரண்டு லேன் கார்டு: இடிஎச்0 ஆபீஸ் லேன், இடிஎச்1 ட்ரங்க், முகவரி 10.20.30.2, கேட்வே 10.20.30.1. சிப் சர்வர் 10.64.1.10, அதற்கு மட்டும் ரூட் போட்டிருக்கிறது. ஆபீஸுக்குள் எல்லாம் சுகம். வெளி காலில் வாடிக்கையாளர் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. அதுவும் எல்லாக் காலிலும் கிடையாது, சிலதில் மட்டும்.

கோட்டை_அகழி:

உங்களுக்கு நாட் கோளாறு இல்லை, ரூட் கோளாறு. சிலதில் மட்டும் என்று சொன்னது நல்ல தடயம்.

ட்ரங்க் நிறுவனங்களில் சிப் பேசும் சர்வர் ஒன்றாகவும் குரலைக் கையாளும் மீடியா சர்வர்கள் வேறாகவும் இருப்பது சாதாரணம், முகவரி வரம்பும் வேறாக இருக்கலாம். கேட்காத கால் ஒன்றைப் பிடித்து, அவர்கள் அனுப்பும் எஸ்டிபியில் சி= வரியைப் பாருங்கள். 10.64.8.21 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்வரில் 'ஐபி ரூட் கெட் 10.64.8.21' கொடுங்கள். பதிலில் இடிஎச்0 என்று வந்தால் உங்கள் குரல் ஆபீஸ் இன்டர்நெட் ரவுட்டர் பக்கம் போய்த் தொலைகிறது. 10.x முகவரிக்கு இன்டர்நெட்டில் வழியே கிடையாது. சரியாகக் கேட்கும் கால்களில் மீடியாவும் 10.64.1.10-லிருந்தே வந்திருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீடியா வரம்புகள் எவை என்று ட்ரங்க் நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். வந்த வரம்பு ஒவ்வொன்றுக்கும் 10.20.30.1 வழியாக ரூட். 'ஐபி ரூட் ஆட் 10.64.8.0/24 வயா 10.20.30.1 டெவ் இடிஎச்1' என்று கொடுத்து உடனே சோதிக்கலாம், ரீஸ்டார்ட் தேவையில்லை. நீங்கள் அனுப்பும் எஸ்டிபியில் சி= வரி 10.20.30.2 என்று இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இன்னொன்று. சில சர்வர்களில் ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழியைச் சரிபார்க்கும் கர்னல் அமைப்பு) 1 என்று கடுமையாக இருக்கும். பாக்கெட் இடிஎச்1-ல் வந்து, அதன் திரும்பும் வழி இடிஎச்0 என்று ரூட் சொன்னால் கர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். அங்கே ஒன் வே இருக்காது, இரண்டு பக்கமும் ஊமை. டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கமாண்ட்) பாக்கெட் வருவது தெரியும், ஆஸ்டரிஸ்க்கின் ஆர்டிபி டீபக்கில் மட்டும் வராது, ஏனென்றால் டம்ப் எடுப்பது ஃபில்டருக்கு முன்னால். ஐபிடேபிள்ஸ் (சர்வரின் சொந்தப் பயர்வால்) தடுத்தாலும் இப்படியேதான் தெரியும். டம்ப்பில் பார்த்ததை வைத்து 'பாக்கெட் வருகிறது, ஆஸ்டரிஸ்க்தான் கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டி ரீஇன்ஸ்டால் வரை போகாதீர்கள். ரூட் சரியானால் ஆர்பி ஃபில்டர் தானே வழிவிடும், அதை அணைக்க வேண்டியதில்லை.

ஆம்பூர்_பைபாஸ்:

10.64.8.21, 10.64.9.14 என்று இரண்டு முகவரி சிக்கின. 'ரூட் கெட்' இடிஎச்0 என்றுதான் சொன்னது. மெயிலில் 10.64.8.0/23 என்று வரம்பு கொடுத்தார்கள். சேர்த்ததும் இரண்டு பக்கமும் கேட்கிறது.

வாலாஜா_நெட்:

அந்த ரூட்டை நிரந்தரமாக எழுதிவிட்டீர்களா? கமாண்டில் கொடுத்தது சர்வர் ரீபூட் ஆனால் போய்விடும். கத்திரி வெயிலில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கினால் மறுநாள் காலை மறுபடி இதே புகார். டெபியனில் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 என்றால் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் இடிஎச்1-க்குக் கீழே 'அப்' என்று தொடங்கி அதே கமாண்டை ஒரு வரியாக எழுதுங்கள். பழைய சாங்கோமா லினக்ஸ் 7 என்றால் நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் 'ரூட்-இடிஎச்1' என்று ஒரு ஃபைல், அதில் '10.64.8.0/23 வயா 10.20.30.1'. எழுதியபின் ஆபீஸ் முடிந்ததும் ஒருமுறை நீங்களே ரீபூட் செய்து, 'ஐபி ரூட் கெட் 10.64.9.14' இடிஎச்1 காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.